தொலைந்த தமிழ்ப் படங்களைத் தேடக் கிளம்புவோருக்கு

1931 அக்டோபர் 31 அன்று சென்னை வால்டாக்ஸ் சாலையில் இருந்த கினிமா சென்ட்ரல் தியேட்டரில் ‘காளிதாஸ்’ வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கத்தில் டி.பி. ராஜலட்சுமி நடித்த படம். தமிழின் முதல் பேசும் படம் எதுவென்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட அதன் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அதைப் பார்க்க வழியில்லை, ஒரு பிரிண்ட்கூட மிஞ்சவில்லை. அதற்கும் முன்னால் ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப்படம் ‘கீசக வதம்’ போய்விட்டது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் 1938இல் உருவான மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’ போய்விட்டது. இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வுக்கும் அதே கதிதான்.

எல்லாம் தீயில் போகவில்லை. ஓட்டம் முடிந்த படம் பெட்டியை அடைத்துக்கொண்டிருக்கும் சுமை என்றுதான் அன்று நினைத்தார்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காக அதை எடைக்குப் போட்டார்கள். புனேயில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டபோது அதைக் கட்டி எழுப்பியவர் பி.கே. நாயர். ‘ஆலம் ஆரா’வின் ரீல்கள் வெள்ளியெடுக்கப் போய்விட்டன என்று தயாரிப்பாளர் குடும்பத்திலேயே தன்னிடம் சொன்னார்கள் என அவர் பதிவுசெய்திருக்கிறார்.

பழைய படத்தை மீட்பது என்றதும் பலருக்குக் கணினித் திரையில் கீறல்களை அழிக்கும் காட்சிதான் மனத்தில் வரும். அது கடைசிக் கட்டம். பணமும் இயந்திரமும் உள்ளவர்கள் அதைச் செய்வார்கள். அதற்கு முந்தைய வேலைக்குத்தான் ஆள் இல்லை: எந்தப் படம் எங்கே இருக்கக்கூடும் என்று தேடுவது, கிடைத்த டப்பாவைக் கெடுக்காமல் திறப்பது, உள்ளே இருப்பது என்னவென்று அடையாளம் காண்பது, உரிய இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது. பொறுமையுள்ள யாரும் இதைக் கற்றுக்கொள்ளலாம். உள்ளூரை அறிந்தவர்களால்தான் இதைச் செய்யவும் முடியும்.

முதலில் காகிதம்

ஃபிலிமைத் தேடும் முன் காகிதத்தைத் தேடுங்கள். ஒரு படத்தையோ, ஒரு ஸ்டுடியோவையோ, ஒரு ஊரையோ தேர்ந்துகொண்டு அதைப் பற்றி அச்சில் இருப்பதையெல்லாம் திரட்டுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாதவர் கையில் ரீலே கிடைத்தாலும் அது அவருக்கு வெறும் கறுப்புச் சுருள்தான்.

இதில் பாட்டுப் புத்தகத்துக்கு ஈடு எதுவுமில்லை. தியேட்டர் வாசலில் சில அணாவுக்கு விற்ற அந்தச் சிறு புத்தகத்தில் நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டு வரிகள் எல்லாம் இருக்கும். 1930களின் படங்களில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான ‘பவளக்கொடி’யில் ஐம்பது பாட்டு என்பார்கள். தலைப்பில்லாத ஒரு ரீலில் யாரோ இரண்டு வரி பாடினால் போதும், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி அது எந்தப் படம், கதையின் எந்தப் பகுதி என்று சொல்லிவிடலாம். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவற்றின் பெரிய சேகரிப்பு இருக்கிறது. பழைய ‘பேசும் படம்’, ‘குண்டூசி’, ‘ஆனந்த விகடன்’ இதழ்களில் வந்த ஸ்டில்களையும் விளம்பரங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டில்லில் தெரியும் தூணும் திரைச்சீலையும் பின்னாளில் ஒரு ஃபிரேமோடு பொருந்தும். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுவதும் தொகுத்த தமிழ்ப் படங்களின் பட்டியல் எல்லோருக்கும் தொடக்கப்புள்ளி.

அடுத்தது நீளம். சென்சாரான படங்களின் பட்டியல் அரசிதழில் வந்தது, ஒவ்வொரு படத்தின் நீளமும் அதில் இருக்கும். இதைக் குறித்துக்கொள்ளாமல் போகாதீர்கள். கையில் கிடைத்தது முழுப்படமா, பாதியா என்று சொல்ல வேறு வழியில்லை. 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், ஆயிரம் அடி ரீல் ஏறத்தாழ 11 நிமிடம். இரண்டாம் உலகப் போரில் கச்சா ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக்கூடாதென்று அரசு கட்டுப்படுத்தியது. பாகவதரின் ‘ஹரிதாஸ்’ (1944) அந்த எல்லைக்குள் எடுக்கப்பட்டது. ஆகவே அந்த ஆண்டுகளின் படம் ஒன்று பதினோரு ரீலோடு கிடைத்தால் மீதி எங்கே என்று அலைய வேண்டாம், அது முழுப்படமாகவே இருக்கலாம். போருக்கு முந்தைய படம் என்றால் பதினோரு ரீல் பெரும்பாலும் பாதியை ஒட்டித்தான் வரும்.

எங்கே தேடுவது

தயாரிப்பாளர் வீட்டில் தேடுவது எல்லோருக்கும் தோன்றும். அங்கே கிடைப்பது குறைவு. விநியோகஸ்தரின் கிடங்கு, கடன் கொடுத்த ஃபைனான்சியரின் குடும்பம், மூடிய டூரிங் டாக்கீஸ் உரிமையாளரின் வீடு, ஓய்வுபெற்ற ஆபரேட்டர், 16 எம்எம் புரொஜெக்டரை வாடகைக்கு விட்டவர்: இவர்களிடம் போங்கள். சென்னையின் ஃபிலிம் லேப்கள் மூடியபோது, உரிமையாளர் யாரென்றே தெரியாத நெகட்டிவ்கள் பல கைமாறின. அவை இப்போது எங்கே என்று அந்த லேப்களில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கு வயதாகிவிட்டது. இந்தப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது அவர்களைத்தான்.

வழக்கும் ஒரு தடயம். மலையாள மௌனப்படமான ‘மார்த்தாண்ட வர்மா’ இன்று நமக்கு இருப்பதே ஒரு காப்புரிமை வழக்கால்தான். சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைப் பதிப்பித்த கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட்டது, படம் முடங்கியது, பிரிண்ட் பதிப்பகத்திடமே தங்கிவிட்டது. 1974இல் புனே காப்பகம் அதை மீட்டது. ஓடித் தேய்ந்திருக்க வேண்டிய படம், ஓடாமல் கிடந்ததால் பிழைத்தது. நீங்கள் தேடும் படத்தின் மேல் வழக்கு இருந்ததா, தடை இருந்ததா என்று பாருங்கள்.

16 எம்எம் பிரிண்டைச் சின்னது என்று ஒதுக்காதீர்கள். ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் காணாமற்போயிருந்த ஏறக்குறைய 25 நிமிடம் 2008இல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் கிடைத்தது. கீறல் விழுந்த 16 எம்எம் நெகட்டிவாகத்தான் அது கிடைத்தது. வெளிநாடுகளை நினைவில் வையுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். தமிழ்ப் படங்கள் இலங்கை, மலாயா, சிங்கப்பூர், பர்மா, தென்னாப்பிரிக்கா என்று பயணம் போயின. போன பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்திருக்கும் என்று நம்ப முடியாது. 1919இல் கல்கத்தாவில் உருவான ‘பில்வமங்கள்’ மௌனப்படத்தின் ஒரு பகுதி பிரெஞ்சுக் காப்பகம் ஒன்றிலிருந்துதான் இந்தியாவுக்கு வந்தது.

இன்னொன்று. டப்பாவில் வேற்றுமொழி இருந்தால் ஆர்வம் இழந்துவிட வேண்டாம். சேலத்திலும் கோவையிலும் சென்னையிலும் தெலுங்கு, மலையாளம், கன்னடப் படங்கள் எடுத்திருக்கிறார்கள். சிங்களத்தின் முதல் பேசும் படமான ‘கடவுணு பொரொந்துவ’ (1947) மதுரைச் சித்ரகலா ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. ஒரு மதுரைக் கிடங்கில் நாம் தள்ளிவைக்கும் டப்பா இன்னொரு நாட்டின் திரை வரலாறாக இருக்கக்கூடும்.

டப்பா கிடைத்துவிட்டது: முதலில் பாதுகாப்பு

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

1950களின் தொடக்கம்வரை 35 எம்எம் படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் ஃபிலிமில்தான் வந்தன. அது எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். மணலைக் கொட்டினாலும் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது, நச்சுவாயு வேறு வரும். நன்றாகக் கெட்டுப்போன நைட்ரேட் ஃபிலிம், 41 டிகிரி செல்சியஸ் வெப்பம் நீடித்தாலே தானாகத் தீப்பற்றக்கூடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்த வெப்பம் சாதாரணம். காப்பகத்துக்குள்ளேயே ஆபத்து உண்டு: 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீயில் நைட்ரேட் ரீல்கள் பெருமளவில் அழிந்தன.

அதனால் 35 எம்எம் ரீலாக இருந்து, 1952க்கு முந்தையது என்ற சந்தேகம் இருந்தால், நைட்ரேட் என்றே வைத்துக்கொண்டு நடங்கள். ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அருகில் சிகரெட், ஊதுபத்தி, விளக்கு எதுவும் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், காரில் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். இந்த ஃபிலிமை வைத்திருப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் 1948ஆம் ஆண்டு முதலே தனி விதிகள் உண்டு. இருக்கும் இடத்திலேயே நிழலில், காற்றோட்டமாக விட்டு, காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ஃபிலிம் தேன்போல் ஒட்டி வழிந்தாலோ, நுரைத்திருந்தாலோ, பழுப்புப் பொடியாகியிருந்தாலோ மூடியைத் திரும்ப மெதுவாக வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

16 எம்எம், 8 எம்எம் ஃபிலிம்களில் இந்தப் பயம் வேண்டாம். அவை ஆரம்பத்திலிருந்தே பாதுகாப்பு ஃபிலிமில்தான் வந்தன.

பாதுகாப்பு ஃபிலிம் என்ற அசிடேட் எளிதில் தீப்பற்றுவதில்லையே தவிர, அதற்கும் ஒரு நோய் உண்டு. டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி குப்பென்று அடித்தால் அசிடேட் சிதைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும், பக்கத்து டப்பாவையும் தொற்றும். நெடி வரும் டப்பாக்களை உடனே தனியறைக்கு மாற்றுங்கள். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளக்க ஏ-டி ஸ்ட்ரிப் என்ற நீலத்தாள் கிடைக்கிறது. டப்பாவுக்குள் வைத்தால் அமிலத்துக்கேற்ப பச்சையாகி மஞ்சளாகும். மஞ்சளான டப்பா வரிசையில் முதலில் நிற்க வேண்டும்.

பார்ப்பதும் குறிப்பதும்

புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். கூடவே கூடாது. பழைய ஃபிலிம் சுருங்கியிருக்கும், பற்சக்கரத்தில் ஓரத் துளைகள் பொருந்தாமல் கிழியும். சுருக்கத்தை நீங்களே அளக்கலாம். சுருங்காத 35 எம்எம் பிரிண்டில் 100 ஃபிரேம் சரியாக 190 சென்டிமீட்டர் வரும். மேசைமேல் தட்டையாக வைத்து அளந்து 188க்கு இறங்கியிருந்தால் சுருக்கம் ஒரு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சாதாரண இயந்திரம் எதிலும் அதை ஓட்டக்கூடாது. ரீலின் தொடக்கத்தில் படமில்லாமல் வரும் லீடரை அளக்காதீர்கள், அது வேறு ஃபிலிமாக இருக்கலாம். படம் தொடங்கிய பிறகு அளங்கள். சுருள் இறுகி ஒட்டியிருந்தால் அளக்கவும் முயலாதீர்கள்.

கருவிகள் எளியவை: நைட்ரைல் கையுறை, முகக்கவசம், பூதக்கண்ணாடி, கீழிருந்து வெளிச்சம் தரும் எல்இடி பலகை, பென்சில், நோட்டு, கைபேசிக் கேமரா. பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணியை எடுத்துவிடாதீர்கள். படம் பதிந்திருப்பது ஜெலட்டினில். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரைந்தே போகும், துணியோடு படமும் வந்துவிடும். தூசியைக்கூட உலர்ந்த மென்தூரிகையால் டப்பாவின் வெளியே மட்டும் தட்டுங்கள்.

டப்பாவின் மேலிருக்கும் எழுத்து, ஒட்டிய சீட்டு, உள்ளே கிடக்கும் துண்டுத்தாள் எல்லாவற்றையும் தொடும் முன்பே படமெடுங்கள். ஆனால் டப்பாவில் எழுதியிருக்கும் பெயரை நம்பி முடிவெடுக்காதீர்கள். தியேட்டர்களில் டப்பாக்களை மாற்றி மாற்றிப் போடுவது வழக்கம். ஒரு எம்.ஜி.ஆர். படத்தின் பெயர் எழுதிய டப்பாவில் முப்பதுகளின் புராணப் படம் கிடக்கலாம். குப்பையென்று ஒதுக்கப்பட்ட டப்பாவைத்தான் கவனமாகத் திறக்க வேண்டும்.

ஃபிலிமின் ஓரம் நிறையப் பேசும். ‘நைட்ரேட்’ அல்லது ‘சேஃப்டி’ என்ற ஆங்கிலச் சொல் அச்சாகியிருக்கும். கோடாக் ஃபிலிமில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் இருக்கும். ஃபிலிம் தயாரான ஆண்டை அவை சொல்லும். ஆனால் அந்தக் குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்: ஒற்றை வட்டம் என்றால் 1936ஆகவும் இருக்கலாம், 1956ஆகவும் இருக்கலாம். நெகட்டிவின் ஓர எழுத்து பிரிண்டிலும் பதிந்துவிடுவதால் ஒரே ரீலில் இரண்டு ஆண்டுகள் தெரியக்கூடும். அப்போது பிந்தையதுதான் பிரிண்டின் வயது. ‘இந்து’ என்ற பெயர் ஓரத்தில் இருந்தால் அது உதகமண்டலம் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் சரக்கு. அந்த பிரிண்ட் 1960களின் பிற்பகுதிக்கு முன்னால் போட்டதாக இருக்க முடியாது, படம் எவ்வளவு பழையதாக இருந்தாலும்.

பிறகு ஃபிரேம்கள். ரீலின் தொடக்கத்திலிருந்து சில அடிகளை மட்டும் மெதுவாகப் பிரித்து, வெளிச்சப் பலகையில் வைத்துக் கைபேசியில் படமெடுங்கள். தலைப்பு எழுத்து, சென்சார் சான்றிதழ், முகம், நகை, பின்னணி எல்லாம் துப்பு. ஒவ்வொரு ரீலுக்கும் ஓர் எண் கொடுத்து, அளவு, நீளம், நெடி, சேதம், ஒலிப்பட்டை உண்டா இல்லையா, பிக்சர் நெகட்டிவா, சவுண்ட் நெகட்டிவா, பிரிண்டா என்று எழுதுங்கள். படமில்லாமல் ஒலிக்கோடு மட்டும் ஓடும் சவுண்ட் நெகட்டிவை வெற்று ஃபிலிம் என்று நினைத்துத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு. படத்தின் மிகச் சுத்தமான ஒலி அதில்தான் இருக்கும்.

ஒப்படைக்கும் வரை

நைட்ரேட் என்ற சந்தேகமில்லாத ரீல்களை அதுவரை படுக்கவைத்து, தரையிலிருந்து உயர்த்தி, வீட்டின் மிகக் குளிர்ந்த, உலர்ந்த அறையில் வையுங்கள். மொட்டைமாடி அறையும் சமையலறைப் பரணும் ஆகாது. பிளாஸ்டிக் உறையில் கட்டி இறுக்காதீர்கள், அமிலவாயு வெளியேற வழி வேண்டும். துருப்பிடித்த தகர டப்பாவை மாற்றலாம், ஆனால் பழைய டப்பாவின் எழுத்தைப் படமெடுத்த பிறகுதான்.

யாரிடம் கொடுப்பது? புனேயில் உள்ள தேசியக் காப்பகம் இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின்கீழ் இயங்குகிறது. மும்பையில் சிவேந்திர சிங் துங்கர்பூர் 2014இல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், படங்களைச் சேகரிப்பதோடு பாதுகாப்புப் பயிற்சி முகாம்களையும் நடத்துகிறது. 2017இல் ஒன்று சென்னையிலேயே நடந்தது. இந்த வேலையில் தொடர நினைப்பவர் அந்த முகாம்களில் ஒன்றுக்காவது போய்வர வேண்டும்.

கொடுக்கும் குடும்பத்துக்கு இருக்கும் பயம் நியாயமானது: படத்தைக் கொண்டுபோய் யாரோ சம்பாதித்துவிடுவார்களோ என்று. ரீலை ஒப்படைப்பது வேறு, உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு என்று முதலிலேயே பொறுமையாக விளக்குங்கள். நன்கொடையா, பாதுகாக்க மட்டும் கொடுக்கும் வைப்பா, பிரதி ஒன்று குடும்பத்துக்கு வருமா, ஸ்கேன் செய்தால் யார் திரையிடலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1955இல் வந்த படம் 2016 ஜனவரி முதல் பொதுவுடைமை. ஆனால் அதிலுள்ள கதைக்கும் பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு, அதைத் தனியே பார்க்க வேண்டும்.

ஸ்கேன் செய்யும் நாள் வந்தால்

உங்கள் பங்கு கேள்வி கேட்பதுதான். சுருங்கிய ஃபிலிமுக்கு ஏற்ற, பற்சக்கரமில்லாத ஸ்கேனரா? கீறல் அதிகமென்றால், ஃபிலிமைத் திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்யும் வெட்கேட் வசதி உண்டா? ஃபிரேம் முழுவதும், ஓரம் உட்பட, பதிவாகிறதா? கடைசிக் கேள்வியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பழைய படத்தின் ஃபிரேம் ஏறக்குறைய சதுரமானது. அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டினால் நாட்டியத்தில் பாதம் போய்விடும், நெற்றி போய்விடும். புதிதாக வாத்தியம் சேர்த்த ஒலி, கறுப்பு வெள்ளைக்கு ஏற்றிய வண்ணம், தேய்த்துத் தேய்த்துப் பீங்கான்போல் ஆக்கிய முகம்: இவை மறுவெளியீட்டுக்கு உதவலாம், மீட்பு என்று நான் ஏற்கமாட்டேன். கறை நீங்கியும் படம் எடுத்தவர் எடுத்தபடியே இருக்க வேண்டும். என்ன மாற்றினார்கள் என்ற குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த ‘கல்பனா’ (1948), மீட்கப்பட்டு 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. எப்படி இருக்க வேண்டும் என்று அறிய அதைப் பாருங்கள்.

கோப்பின் அளவுக்கும் தயாராக இருங்கள். இரண்டரை மணி நேரப் படத்தை 4கே தரத்தில் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 11 டெராபைட். ஒரே ஹார்டுடிஸ்கில் வைத்தால் வைக்காததற்குச் சமம். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில், கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் எல்டிஓ காந்த நாடாவில் இருந்தால் சில ஆண்டுக்கு ஒருமுறை புதிய தலைமுறை நாடாவுக்கு மாற்றம்.

ஸ்கேன் முடிந்ததும், இனி ரீல் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். சத்யஜித் ராயின் ‘அப்பு’ வரிசைப் படங்கள் மூன்றின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் லேப் தீவிபத்தில் கருகின. அன்றைய நுட்பத்தால் அவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை, ஆனாலும் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார்கள். இருபது ஆண்டு கழித்து இத்தாலியின் பொலோன்யாவில், கருகிய அந்த ஃபிலிமை ஈரமூட்டி விரித்து, துளை துளையாகச் சீர்செய்து, பயன்படக்கூடிய பகுதிகளை ஸ்கேன் செய்தார்கள். 2015இல் அந்தப் படங்கள் புதிதாகத் திரைக்கு வந்தன. ஆகவே லேபிலிருந்து ரீல்களை எண்ணித் திரும்ப வாங்குங்கள். உங்கள் நோட்டில் உள்ள எண்ணோடு ஒவ்வொன்றையும் சரிபார்த்து, அன்றைக்கே காப்பகத்தின் குளிரறைக்கு அனுப்புங்கள்.